பிளஷர் வந்த காலம்: ஆர்ட் டிபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கின் அறிவுரைகள்

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் கன்னிவாடிப் பக்கம் பழைய காலத்துக் கதையைப் படம் பிடிக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது மூன்றை: இடிக்காத ஓட்டு வீடு, கம்பி குறுக்கே போகாத தெரு, ஓடுகிற பழைய கார். வீட்டையும் தெருவையும் மேனேஜர் பார்த்துக்கொள்வார். காருக்கு உங்களைத்தான் அனுப்புகிறார்கள். நீங்களும் பட்டறைக்கு வந்து, "ஐயா, ஒரு விண்டேஜ் கார் வேணும்" என்கிறீர்கள். எந்த வருஷத்துக் கதை என்று கேட்டால், "சுதந்திரத்துக்கு முன்னாடி, ஒரு பீரியட் லுக் வந்தா போதும்" என்கிறீர்கள்.

போதாது, தம்பி. இந்தச் சமவெளியில் 1930, 1940-களில் கேமரா வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. ரோடும் சந்தையும் வண்டிப்பேட்டையும் எப்படி இருந்தன என்பதற்குப் படம் ஏதும் பெரிதாக மிஞ்சவில்லை. நீங்கள் எடுத்து வைப்பதைத்தான் நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் 'தாத்தா காலம்' என்று நம்பப் போகிறார்கள். அந்தப் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவையும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1. காரைத் தேடும் முன் மூன்று வருஷங்களைத் தாளில் எழுதுங்கள். கதை நடக்கும் வருஷம் ஒன்று. கார் ஃபேக்டரியை விட்டு வந்த வருஷம் ஒன்று. அந்தக் கார் கன்னிவாடி போன்ற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடிய வருஷம் மூன்றாவது. முதல் இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பார்க்கிறவர்கள் அபூர்வம். மெட்ராசில் மவுண்ட் ரோடு ஷோரூமில் நின்ற வண்டி அதே வருஷம் நம் மண்ரோட்டில் ஓடியிருக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் சொந்தக்காரர் நாலைந்து வருஷம் ஓட்டி, மதுரையில் ஒரு வியாபாரி கைக்கு மாறி, அங்கிருந்து திண்டுக்கல் தோல் மண்டிக்காரர் ஒருவர் வாங்கி, கடைசியில் இங்கே வாடகைக்கு ஓட வரும். 1955-இல் நடக்கும் கதையில் கிராமத்து வாடகைக் கார் 1938 மாடலாக இருந்தால் அது சரியான கார். 1955 மாடலாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

2. அடுத்து, இந்தக் காருக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். டைரக்டர் 'பணக்காரர்' என்று சொல்லிவிடுவார். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வண்டி மாறும். ஜமீன் வீட்டுப் பணம் பெரிய அமெரிக்க வண்டியை வாங்கும்; இடமும் உயரமும் பார்க்கும். எல்.எம்.பி படித்த டாக்டர் சின்ன இங்கிலீஷ் வண்டி வைத்திருப்பார். பெட்ரோல் கணக்குப் பார்ப்பார், தானே ஓட்டுவார். பஞ்சு, புகையிலை வியாபாரிக்கு மூட்டை ஏற்ற இடம் வேண்டும். மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரைக்கு ஏற்றம் ஏறுகிற எஞ்சின் வேண்டும்.

இதில் ஒரு வருஷத்தை மனதில் அழுத்தி வையுங்கள்: 1948. மெட்ராஸ் மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. இந்த வட்டாரம் பாளையங்களாகவும் ஜமீன்களாகவும் இருந்த மண். கன்னிவாடியே ஒரு ஜமீன். நிலவரி வசூல் கையை விட்டுப் போன பிறகு 1954-இல் ஒரு ஜமீன் வாரிசு புத்தம்புது செவர்லேயில் வந்து இறங்குகிறார் என்றால், அந்தப் பணத்துக்குக் கதையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லையென்றால் பழைய காரையே வையுங்கள். மட்கார்டில் ஒட்டுப் போட்டு, முன் விளக்கில் ஒன்று வேறு வண்டியுடையதாக, டிரைவருக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கும் வீட்டுக் கார். வசனம் இல்லாமலே அந்த வீட்டின் நிலைமையை அந்த வண்டி சொல்லிவிடும்.

3. வருஷக் கணக்கு சிலவற்றை மனப்பாடம் செய்யுங்கள். கையில் போன் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். டைரக்டர் கேட்கும் நொடியில் பதில் வாயில் இருக்க வேண்டும்.

ஃபோர்டு மாடல் டி 1908-இல் தொடங்கி 1927-இல் நின்றது. அதன் பின் மாடல் ஏ. வி8 எஞ்சின் வந்தது 1932-இல். ஃபோர்டு 1926-இல் இந்தியாவில் கம்பெனி வைத்தது; ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் செவர்லே பூட்டத் தொடங்கியது. ஆகவே 1930-களின் கதைக்கு ஃபோர்டும் செவர்லேயும் இயல்பாகப் பொருந்தும். பேபி ஆஸ்டின், மோரிஸ் போன்ற சின்ன இங்கிலீஷ் வண்டிகளும் பொருந்தும்.

போர்க்காலம் ஒரு பெரிய பள்ளம். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. 1945 வரை மறுபடி தொடங்கவில்லை. 1944 மாடல் செவர்லே என்று யாராவது வாடகைக்குக் கொடுத்தால், அவர் ஆர்.சி புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். 1946-இல் வந்த அமெரிக்கக் கார்கள்கூடப் பெரும்பாலும் 1942 உடம்பிலேயே சின்ன மாற்றத்தோடு வந்தவை. மட்கார்டு தனியாகப் புடைத்து நிற்காமல் உடம்போடு ஒன்றிப்போன வடிவம் 1949 வாக்கில்தான் பரவியது. 1947 ஆகஸ்ட் 15 காட்சியில் அப்படி வழவழப்பான உடம்புள்ள கார் நின்றால், கார் தெரிந்த எவரும் அடுத்த வசனத்தைக் கேட்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் கதை நம் நாட்டு ஃபேக்டரிகளுக்கு வருகிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இலும் பிரீமியர் 1944-இலும் தொடங்கியவை. நம் பக்கம், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் வந்து ஆஸ்டின் ஏ40 பூட்டியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, 10, அதன்பின் 1961-இல் ஹெரால்டு. ஃபியட் 1100 வந்தது 1954. அம்பாசடர் 1957-58. சொந்த உற்பத்தித் திட்டம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1954-க்குள் கடையைக் கட்டிவிட்டன. அதற்குப் பிறகு புது அமெரிக்கக் கார் என்றால் தூதரகம், ஏலம், பெரிய நடிகர் என்று சில வாசல்கள் மட்டும்தான். இம்பாலா 1958-இல் பிறந்த வண்டி; 1960-களின் மெட்ராஸ் நட்சத்திரத்துக்குச் சரி. செம்பட்டி ரோட்டில் வட்டிக்கடைக்காரர் ஓட்டினால் சரியில்லை.

4. 'அம்பாசடர் ஒன்று' என்று லிஸ்டில் எழுதாதீர்கள். எந்த மார்க் என்று எழுதுங்கள். 1957-இல் இருந்து 2014 வரை ஒரே பெயரில் ஓடிய வண்டி அது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். முதல் அம்பாசடருக்கு முன்னால் லேண்ட்மாஸ்டர் ஓடியது. இரண்டுக்கும் நடுக்கூடு உறவுதான். பானட்டும் பின்பக்க ரெக்கையும் வேறு. 1963 வாக்கில் வந்த மார்க் 2-க்கு முன் ஜாலி (கிரில்) கட்டம் கட்டமாக இருக்கும். 1975-இல் மார்க் 3. ஜாலி படுக்கைக் கம்பிகளாக மாறியது, இண்டிகேட்டர் தனியாக வட்டமாக வந்தது. 1979-இல் மார்க் 4. ஜாலி சின்னதாகி, இண்டிகேட்டர் சதுரமானது. இந்த முகங்களை மட்டும் தெரிந்துகொண்டால் 1960-களையும் 1970-களையும் காட்டும் படங்களில் பாதித் தவறு குறையும். ஒரே வசதி என்னவென்றால், இவற்றின் முன்பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். நல்ல டிங்கர் ஒருவர் கிடைத்தால் மார்க் 4-இன் முகத்தைக் கழற்றி மார்க் 2-இன் முகத்தைப் பொருத்துவது நடக்கிற வேலைதான். சுட்டிக்காட்ட ஆள் இருந்தால் படக் கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள்.

உள்ளேயும் பாருங்கள். பழைய அம்பாசடருக்கு ஸ்டியரிங்கோடு ஒட்டிய கை கியர். தரையில் கியர் வந்தது 1990-களில் இசுசு எஞ்சின் வைத்த வண்டியோடு. நடிகர் குனிந்து தரை கியர் போடுகிற ஷாட் ஒன்று போதும், காட்சி முப்பது வருஷம் முன்னோக்கித் தாவிவிடும்.

5. ஜீப்பைக் கண்டதும் ஆசைப்படாதீர்கள். 1930-களின் போலீஸ் அதிகாரியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்குவது நம் படங்களில் சர்வசாதாரணம். ஜீப் பிறந்ததே இரண்டாம் உலகப்போரில், 1941 வாக்கில். போர்க்கால ஜீப்புக்கு முன்தகட்டில் ஒன்பது கீறல். பொதுமக்களுக்கு வந்ததற்கு ஏழு. மகிந்திரா கூட்டிய ஜீப்புகள் 1940-களின் கடைசியில் தொடங்கி வந்தவை. இன்று நம் பக்கம் கிடைக்கிற உயர்ந்த பானட் ஜீப்புகள் அதற்கும் பிந்தியவை. 1935-இல் இன்ஸ்பெக்டர் வர வேண்டுமென்றால் குதிரை, சைக்கிள், அல்லது பஸ். குதிரையில் வந்தால் காட்சி இன்னும் கம்பீரமாகத்தான் இருக்கும்.

6. நம்பர் பிளேட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் டி.என். 57 போன்ற எண்கள், 1988-ஆம் வருஷச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு வந்தவை. அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் மூன்று எழுத்தும் எண்ணும்தான். காமராசர் பயன்படுத்திய செவர்லே எம்.டி.டி. 2727. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்தால், எழுத்து எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

நிறமும் முக்கியம். சொந்தக் காருக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, 2000-களின் தொடக்கம் வரைக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து அதன் பிறகு. எழுத்தை பெயின்டர் கையால் எழுதுவார். தகட்டில் அச்சடித்து எழும்பிய எழுத்து இருக்காது, ஓரத்தில் ஹோலோகிராம் இருக்காது. 2021-இல் ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி வந்திருக்கிறது. புதிதாகப் பதிகிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்து நம்பரில் வரும். அதை அப்படியே ஃபிரேமில் விட்டுவிடாதீர்கள். அதே சமயம், ஷூட்டிங் பிளேட்டை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் ஓட்டவும் கூடாது. லொகேஷனில் மாட்டுங்கள், ஷாட் முடிந்ததும் கழற்றி உரிமையாளரின் பிளேட்டை மாட்டுங்கள்.

இன்னொன்று: திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பரில். அதற்கு முந்திய கதையில் ஆபீஸ் பலகையிலோ வண்டிப் பலகையிலோ திண்டுக்கல் மாவட்டம் என்று எழுதினால் தவறு. மதுரை மாவட்டம். 1969 ஜனவரிக்கு முன்னால் தமிழ்நாடு அரசு என்றும் எழுதக் கூடாது.

7. போர்க்காலக் கதை என்றால் கரி கேஸ் வண்டியை மறக்காதீர்கள். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்து, கூப்பனுக்கு மட்டுமே பெட்ரோல் என்றானது. பஸ்களும் லாரிகளும் பின்னால் ஒரு இரும்பு உருளையைக் கட்டிக்கொண்டு, அதில் அடுப்புக் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடின. மதுரையில் 1912-லேயே பஸ் விட்ட டி.வி.சுந்தரம் ஐயங்கார், அந்த நெருக்கடியில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றையே வடிவமைத்துத் தயாரித்தார். நம் மண்ணில் பிறந்த இயந்திரம் அது. புறப்படுவதற்கு முன்னால் கிளீனர் காற்றாடியைச் சுற்றி அனலை எழுப்ப வேண்டும். கரி மூட்டை வண்டிக்கு மேல் இருக்கும். பெட்ரோலில் கிடைக்கிற இழுவை இதில் கிடைக்காது. ஏற்றத்தில் பயணிகள் இறங்கி நடந்தால் பார்க்கிறவர்கள் நம்புவார்கள்.

இவ்வளவு காட்சி வளம் உள்ள ஒன்றை நம் படங்கள் அநேகமாகத் தொடவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 1943-இல் ஒரு கல்யாணக் கோஷ்டி திண்டுக்கல் ஸ்டேஷனில் இருந்து கன்னிவாடிக்கு கரி பஸ்சில் வருவதை யோசித்துப் பாருங்கள். வேட்டியெல்லாம் கரி, மாப்பிள்ளை முகத்தில் புகை, வழியில் ஒருமுறை தணல் அணைந்து எல்லோரும் புளியமரத்தடியில் காத்திருப்பது. கதாசிரியர் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத சம்பவங்கள் அந்த உருளைக்குள் இருக்கின்றன. இரும்பு உருளையையும் நாலு குழாயையும் நம் ஊர் வெல்டர் செய்து கொடுத்துவிடுவார்.

சரியான நுணுக்கம் படத்துக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று. 1972-இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தில் போர் முடிந்த சமயத்துக் காரில் குரோம் பம்பருக்குப் பதிலாக மரப்பலகை கட்டியிருக்கும். அப்போது உலோகத் தட்டுப்பாடு. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அந்தப் பலகை அந்த ஊரை உண்மையாக்குகிறது.

8. காரைக் கழுவ விடாதீர்கள். வாடகைக்கு வருகிற பழைய கார்கள் பெரும்பாலும் ரேலிக்கும் கல்யாணத்துக்கும் போகிறவை. பளபளவென்று இந்தக் காலத்து பெயின்ட் அடித்து, குரோம் எல்லாம் புதிதாக முலாம் பூசி நிற்கும். அந்தக் காலத்து பெயின்ட்டுக்கு இந்தக் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது, வெயிலில் மங்கும். நம் ரோடுகள் செம்மண்ணும் சரளையும். ஜமீன் வீட்டு டிரைவர் தினமும் துடைத்திருப்பார்தான். ஆனால் துடைத்த கார் திண்டுக்கல்லில் இருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பின் கண்ணாடி வரைக்கும் புழுதி ஏறியிருக்கும். உரிமையாளர் சம்மதித்தால் முல்தானி மட்டியைத் தண்ணீரில் கரைத்து மெல்லத் தெளியுங்கள். பெயின்ட்டைக் கீறாது, கழுவினால் போய்விடும். மண்ணை அள்ளி வீசாதீர்கள். மெட்டாலிக் பெயின்ட் அடித்த காரை 1950-க்கு முந்திய கதைக்கு வாங்கவே வாங்காதீர்கள். எந்தப் புழுதியும் அதன் மினுமினுப்பை மறைக்காது.

9. ஷாட்டுக்கு முன் காரை ஒருமுறை சுற்றி நடங்கள். முன் கண்ணாடியில் ஃபாஸ்டேக், ரேலி கிளப் ஸ்டிக்கர். கதவில் பிற்பாடு திருகிய சைடு மிரர். சீட் பெல்ட். ரேடியல் டயர், அதன் பக்கவாட்டில் இன்றைய கம்பெனியின் பெரிய எழுத்து. முன் விளக்கில் ஹாலோஜனோ எல்.இ.டி.யோ. பழைய ஆறு வோல்ட் வண்டிகளின் வெளிச்சம் மஞ்சளாக, சோர்ந்து இருக்கும்; இரவுக் காட்சியில் வெள்ளை ஒளி பாய்ந்தால் மற்ற எல்லா வேலையும் வீண். டாஷ்போர்டில் யு.எஸ்.பி. சார்ஜர் செருகியிருக்கும், அதையும் எடுங்கள்.

10. நடிகருக்குக் காரில் ஏறக் கற்றுக்கொடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் வண்டிக்கு வண்டி வேறு. பழைய ஃபியட் 1100-க்கு முன் கதவின் கீல் பின்பக்கம். கதவு நாம் இன்று பழகியதற்கு எதிராகத் திறக்கும். புடவை கட்டிய பெண் அதிலிருந்து இறங்கும் விதமே தனி. போருக்கு முந்திய வண்டிகளில் கால் வைக்கப் பலகை உண்டு. அதை மிதித்துத்தான் ஏற வேண்டும், தாண்டி ஏறக் கூடாது. திரும்பும்போது டிரைவர் கையை வெளியே நீட்டிக் காட்டுவார், அல்லது கதவுத் தூணில் இருந்து ஒரு சின்னக் கை எழும்பும். காலையில் குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் இழுக்க வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் முன்னால் நின்று ஹேண்டில் போட வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டை விரல் முறியும். இது நடிப்புக்குச் சொல்வதில்லை, உடம்புக்குச் சொல்வது. ஆனால் அனுபவமுள்ள டிரைவராக நடிப்பவர் அப்படிப் பிடித்தால் பார்க்கிற பழைய டிரைவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

11. கார் நிற்கும் ரோட்டையும் பாருங்கள். கதை 1960-க்கு முன்னால் என்றால் கல்லில் மைல் இருக்க வேண்டும். கிலோமீட்டர் கற்கள் அதற்குப் பிறகு பரவியவை. பெட்ரோல் பங்க் காட்டினால் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ். எஸ்ஸோ 1974-லும் பர்மா ஷெல் 1976-லும் அரசுக் கைக்கு வந்தன. லாரி என்றால், 1954-இல் இருந்து 1969 வரை டாடா லாரியின் நெற்றியில் பென்ஸ் நட்சத்திரம். 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும் வரை நம் பக்கம் தனியார் பஸ்தான். நடுரோட்டு வெள்ளைக் கோடு, இரும்புத் தடுப்பு, செல்போன் டவர் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் போவது சீமைக்கருவேலம். இன்று ரோட்டோரம் மண்டிக் கிடக்கிற அளவுக்கு 1930-களில் அது இங்கே இல்லை. புளியமரம் இருக்கும் பக்கமாக ஃபிரேம் வையுங்கள்.

12. கார்களைக் குறையுங்கள். பணம் இருக்கிறது என்று தெருவில் ஏழெட்டு விண்டேஜ் கார்களை நிறுத்துகிறார்கள். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுக்கு அது சரியாகலாம். இந்த ஊரில் 1935-இல் ஒரு 'பிளஷர்' கார் வந்தாலே பிள்ளைகள் பின்னால் ஓடும், மாடு மிரளும், வண்டிக்காரர் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஒரு காரும் முப்பது மாட்டுவண்டியும்தான் உண்மை. செலவும் குறைவு.

13. சத்தம் தனி வேலை. சின்ன மோரிஸ் திரையில் போகும்போது டப்பிங்கில் வி8 உறுமுவதை எத்தனையோ படங்களில் கேட்டிருக்கிறேன். வாடகைக்கு எடுத்த காரிலேயே சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லி சவுண்ட் ஆட்களைக் கெஞ்சுங்கள்: குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஐடிலில் நிற்பது, ஒவ்வொரு கியராக ஏறுவது, அணைத்த பின் எஞ்சின் அடங்குவது, கதவு சாத்துவது. ஒரு எச்சரிக்கை: நம் பக்கம் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய அம்பாசடர்கள் ஏராளம். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மைக் வையுங்கள்.

14. தேட வேண்டிய இடங்கள். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போங்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் வைத்திருப்பது, நம் ரோட்டுக்கு நெருக்கமான சரித்திரம். சென்னையில் 2023-இல் திறந்த ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தில் பழைய கார்களும் சினிமாக் கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள். கார், டயர், பேட்டரி, பெட்ரோல் விளம்பரங்கள் எந்த வருஷம் எது விற்றது என்று நேராகச் சொல்லும்.

பழைய படங்களையும் பாருங்கள். 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் எடுத்தது. அதில் ரோட்டில் ஓடுவது 1964-இன் கார்கள். ஆனால் 'அந்த நாள்' 1954-இல் எடுத்து 1943-ஐக் காட்டுகிற படம். அதிலுள்ளதை 1943-க்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால் வேறு இடத்திலும் சரிபார்க்க வேண்டும். 2010-இல் வந்த 'மதராசப்பட்டினம்' 1940-களையும் 2008-இல் வந்த 'சுப்ரமணியபுரம்' 1980-இன் மதுரையையும் திரும்பக் கட்டிய படங்கள். அவற்றில் இருந்து உழைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்; வண்டி விவரத்துக்கு மூலத்துக்கே போங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல சான்று கல்யாண போட்டோ. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் ஒரு ஓரத்தில் நிற்கும். நம்பர் தெரியும், டயர் தெரியும், பக்கத்தில் டிரைவர் எப்படி நிற்கிறார் என்பது தெரியும். வயதான டிரைவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை நடுவில் குறுக்கிடாதீர்கள்.

15. சரியான கார் கிடைக்கவே இல்லையென்றால் டைரக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருப்பது பெரிய குற்றமாகாது. பத்து வருஷம் பிந்திய கார் குற்றம்தான். பழையதின் பக்கம் தவறினால் மன்னிக்கலாம், புதியதின் பக்கம் தவறினால் மன்னிக்க முடியாது. 1940-இல் 1930-இன் கார் ஓடும், 1950-இன் கார் எங்கிருந்தும் வர முடியாது. முழுக் காரைக் காட்ட முடியாவிட்டால் ஹாரன் சத்தம், புழுதி, திறந்த கதவு, கால் பலகையில் ஒரு செருப்பு என்று துண்டு துண்டாகக் காட்டலாம் என்று சொல்லுங்கள். கேமராமேன் சந்தோஷப்படுவார்.

16. வண்டிக்கும் உரிமையாளருக்கும் மரியாதை கொடுங்கள். அவர் தாத்தா வாங்கிய வண்டியாக இருக்கலாம்; உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது, லேத்தில் கடைந்துதான் செய்ய வேண்டும். அவரோ அவர் டிரைவரோ இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பானட் மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள், கேமராவையும் வைக்காதீர்கள். ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்கான விதியில் தினசரி ஓட்டத்துக்கும் வியாபார ஓட்டத்துக்கும் தடை இருக்கிறது. ரோட்டில் ஓட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் போலீசிலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தூரம் போக வேண்டுமென்றால் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

தருமத்துப்பட்டியில் இருந்து ஆடலூர் ஏறுகிற மலைப்பாதையில் ஷாட் வைத்தால், ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். இரண்டு கேன் தண்ணீரும் கனமான துணியும் வண்டியிலேயே இருக்கட்டும், கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். இறக்கத்தில் எல்லா ஷாட்டையும் இரண்டாம் கியரிலேயே எடுங்கள். டிரம் பிரேக் சூடானால் பிடிக்காது, அதுவும் ஒவ்வொரு டேக்குக்கும் மறுபடி மறுபடி இறங்கினால் சீக்கிரமே சூடாகும். மூன்று டேக்குக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கை வைத்து அனல் பாருங்கள். அனல் அடித்தால் டைரக்டர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்தை ஷெட்யூலில் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.